இரு வாய்த் துறைமுகம்: மார்ஸ்ட்ராண்ட் தீவு நகரத்தின் நிலமும் வரலாறும்

ஸ்வீடனின் மேற்குக் கரையில், கோதென்பர்க் நகரத்துக்கு வடமேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் மார்ஸ்ட்ராண்ட் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 1,300. மார்ஸ்ட்ராண்ட் தீவு, கூ தீவு என்னும் இரண்டு சிறு தீவுகளில் ஊர் பரவியிருந்தாலும் பழைய நகரம், தேவாலயம், கோட்டை ஆகிய மூன்றும் மேற்கே உள்ள மார்ஸ்ட்ராண்ட் தீவிலேயே உள்ளன. பெருநிலத்திலுள்ள குங்கெல்வ் நகரிலிருந்து வரும் 168-ஆம் எண் சாலை பாலங்களின் வழியே தீவு தீவாகத் தாண்டி, கூ தீவின் படகுத்துறையில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் படகுதான். சில நிமிடப் பயணம். மறுகரையில் தனியார் கார்கள் கிடையாது. மூட்டை முடிச்சுகளைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு கல் பாவிய தெருக்களில் ஏற வேண்டும்.

தீவைச் சுற்றி வர ஓரிரு மணி நேரம் போதும். இத்தனை சிறிய நிலத்துண்டுக்காக நார்வே, டென்மார்க், ஸ்வீடன் ஆகிய மூன்று நாட்டு அரசர்களும் நூற்றாண்டுக் கணக்கில் படை நடத்தியது ஏன் என்ற கேள்விக்கு, நில அமைப்பிலேயே பாதி விடை இருக்கிறது.

டென்மார்க்கின் வடமுனையான ஸ்காகெனிலிருந்து கிழக்கே கடலின் குறுக்காக ஒரு கோடு இழுத்தால், அது மார்ஸ்ட்ராண்டுக்கு வெளியேயுள்ள பாத்தர் நோஸ்தர் பாறைத்திட்டுகளைத் தொட்டு, அங்கிருந்து ஷோர்ன் தீவை நோக்கித் திரும்பும். கோட்டுக்கு வடக்கே ஸ்காகெராக் கடல், தெற்கே கட்டெகாட் கடல். இரண்டு கடல்களையும் பிரிக்கும் எல்லையாக உலக நீர்ப்பரப்பியல் அமைப்பு ஏற்றுக்கொண்ட கோடு இது. பால்டிக் கடலுக்குள் போகும் கப்பல்களும் அங்கிருந்து வெளியேறும் கப்பல்களும் நெடுங்காலம் இந்த வாசலைக் கடந்தே ஆக வேண்டியிருந்தது. பால்டிக்கின் உவர்ப்புக் குறைந்த நீர் ஒரு நீரோட்டமாக இந்தக் கரையை ஒட்டி வடக்கே ஓடுகிறது. அதற்கு அடியில் வடகடலிலிருந்து வரும் உப்பு மிகுந்த கனத்த நீர் கிடக்கிறது. ஸ்வீடனின் கிழக்குக் கரைத் துறைமுகங்கள் மாதக்கணக்கில் உறைந்து கிடக்கும் குளிர்காலத்திலும் மார்ஸ்ட்ராண்டின் நீர் பெரும்பாலும் உறைவதில்லை. பாய்மரக் கப்பல் காலத்தில் இது பெரிய வரம்.

அதைவிடப் பெரிய வரம் துறைமுகத்தின் வடிவம். இரண்டு தீவுகளுக்கும் நடுவே வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் நீர்ப்பரப்புதான் துறைமுகம். அதற்கு வடக்கே ஒரு வாய், தெற்கே ஒரு வாய். ஒற்றை வாய் உள்ள துறைமுகத்தில் காற்று எதிர்த்து வீசினால் பாய்மரக் கப்பல் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் நங்கூரமிட்டுக் காத்துக்கிடக்க வேண்டியதுதான். மார்ஸ்ட்ராண்டில் தென்காற்று அடித்தால் வட வாயால் வெளியேறலாம். வடகாற்று அடித்தால் தென் வாயால். மேற்கிலிருந்து வரும் புயலைத் தீவின் பாறை முதுகே தாங்கிக்கொள்ளும். மீனும் அரசர்களும் வந்து போனார்கள். ஊரை மீண்டும் மீண்டும் எழுப்பி நிறுத்தியது இந்த இரு வாய்த் துறைமுகம்தான்.

பாறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிலவியலாளர்கள் இப்பகுதியின் பாறைத் தொகுதிக்கு ஸ்டூரா லே–மார்ஸ்ட்ராண்ட் தொகுதி என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ 160 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் மணலும் சேறுமாகப் படிந்தது, பின்னர் பூமிக்கடியில் அழுந்தி, வெந்து, மடிந்து, வரிவரியான நைஸ் பாறையாகியது. அந்த மடிப்புகளைத் தீவின் மேற்குக் கரையில் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். கடைசிப் பனியூழியில் இதன் மேல் ஊர்ந்த பனிப்படலம் மேற்பரப்பை வழவழப்பாகத் தேய்த்துவிட்டது. பனி வந்த திசையில் சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் பாறைகள் நிற்கின்றன. நைஸின் வெடிப்புகள் அகன்று, ஒரு மனிதர் உடலை ஒடுக்கிக்கொண்டு நுழையும் அளவுக்கு இடுக்குப் பாதைகளாக மாறியிருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு உள்ளூரார் 'ஊசிக்காது' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பனியின் சுமை நீங்கியதிலிருந்து நிலம் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டிருக்கிறது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் என்றாலும், பல நூற்றாண்டுகள் சேரும்போது கரையோரத்தின் உருவமே மாறிவிடுகிறது.

மார்ஸ்ட்ராண்ட் 57 பாகை 53 கலை வட அகலாங்கில் இருக்கிறது. ஜூன் கடைசியில் பகல் ஏறத்தாழ 18 மணி நேரம் நீடிக்கும். டிசம்பர் கடைசியில் ஆறரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஓதம் இங்கே மிகச் சிறியது. காற்றின் வேகமும் காற்றழுத்தமும்தான் கடல்மட்டத்தை அதிகமாக ஏற்றி இறக்குகின்றன.

நகரத்தை நிறுவியவர் 13-ஆம் நூற்றாண்டில் நார்வேயை ஆண்ட அரசர் ஹாக்கோன் ஹாக்கோன்சன் என்பது வழிவழியாக ஏற்கப்பட்ட செய்தி. அக்காலத்தில் பூஹுஸ்லேன் எனப்படும் இந்தக் கடலோர மாகாணம் முழுவதும் நார்வேயைச் சேர்ந்தது. அதன் தெற்கு எல்லையைக் காக்க 1308-இல் குங்கெல்வ் அருகே எழுப்பப்பட்ட பூஹுஸ் கோட்டையே பின்னர் மாகாணத்துக்கும் பெயர் தந்தது. ஸ்வீடனுக்கு மேற்குக் கடலில் இருந்ததோ யோத்தா ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய ஒடுக்கமான ஒரு துண்டு நிலம் மட்டுமே. பிரான்சிஸ்கன் துறவிகள் 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தீவில் மடம் அமைத்தார்கள். மதச் சீர்திருத்தத்தோடு மடம் மறைந்தது. அக்காலத்தின் எச்சமாக இன்றும் நிற்பது, வெள்ளையடித்த கல் சுவர்களோடு நகர நடுவே உள்ள புனித மரியாள் தேவாலயம். 1380-க்குப் பிறகு நார்வே டென்மார்க்குடன் ஒரே முடியின் கீழ் வந்ததால், மார்ஸ்ட்ராண்டின் தலைவிதியைத் தீர்மானிக்கும் இடம் கோபன்ஹேகன் ஆயிற்று.

ஹெர்ரிங் மீன் இல்லாமல் மார்ஸ்ட்ராண்டின் கதையைச் சொல்ல முடியாது. நம் கரைகளில் மத்தி என்றும் சாளை என்றும் சொல்லப்படும் மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. வெள்ளிநிற உடல், கொழுப்பு மிகுந்த சதை, பெருங்கூட்டமாக அலையும் பழக்கம். வடகடலில் என்றும் கிடைக்கும் இந்த மீன், பூஹுஸ்லேன் கரைக்கு எல்லாக் காலத்திலும் வருவதில்லை. சில பத்தாண்டுகள் தொடர்ந்து ஒவ்வொரு குளிர்காலமும் தீவுகளுக்கு இடையேயுள்ள குடாக்களுக்குள் கோடிக்கணக்கில் புகும். பிறகு ஒரு நாள் வராமலே நின்றுவிடும். பல பத்தாண்டுகள், சில வேளை ஒரு நூற்றாண்டுக்கு மேலும், அதன் சுவடே இருக்காது. இந்த வருகைகளை ஸ்வீடிஷ் வரலாற்றாசிரியர்கள் ஹெர்ரிங் காலங்கள் என்று எண்ணிட்டு வழங்குகிறார்கள். 1556 முதல் 1589 வரை ஒன்று, 1747 முதல் 1809 வரை மற்றொன்று, 1877 முதல் 1906 வரை இன்னுமொன்று. வட அட்லாண்டிக் காற்றோட்டமும் கடல் நீரின் வெப்பமும் மாறுவதோடு ஆய்வாளர்கள் இதைத் தொடர்புபடுத்துகிறார்கள். அக்கால மக்களுக்கு அது கடவுளின் கொடை. மீன் நின்றபோது, செல்வச் செருக்கில் செய்த பாவங்களுக்குக் கிடைத்த தண்டனை என்று பிரசங்க மேடைகளில் பேசப்பட்டது.

16-ஆம் நூற்றாண்டின் ஹெர்ரிங் காலம் மார்ஸ்ட்ராண்டைச் சின்னஞ்சிறு துறையிலிருந்து செல்வம் கொழிக்கும் வணிக நகரமாக்கியது. டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து நாடுகளிலிருந்து வணிகர்கள் வந்து குவிந்தார்கள். மீனைப் பிடிப்பது எளிதாக இருந்தது. கெடாமல் காப்பதுதான் உழைப்பு. வலையை வளைத்துக் குடாவின் வாயை அடைத்துவிட்டால் மீன் வெளியேற வழியில்லை. குடலை அகற்றி, ஓர் அடுக்கு மீன், ஓர் அடுக்கு உப்பு என்று மரப் பீப்பாயில் அடுக்கி மூடுவார்கள். உப்பு தெற்கு ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும். பீப்பாய்ப் பலகைக்குக் காடு வேண்டும். கரையோரத் தீவுகள் மரமின்றி மொட்டையானதற்கு விறகுக்கும் பீப்பாய்க்கும் கப்பலுக்குமாக வெட்டியதே பெரிய காரணம். கத்தோலிக்க நாடுகளின் நோன்பு நாட்களில் இறைச்சி விலக்கு. ஆகவே உப்பிட்ட மீனுக்குச் சந்தை குறையவே இல்லை. 1589-க்குப் பிறகு மீன் வரவில்லை. வணிகர்கள் போனார்கள். வீடுகள் காலியாயின. மர வீடுகள் நெருக்கமாக நின்ற ஊர் பலமுறை தீக்கும் இரையானது.

1658 பிப்ரவரியில் நடந்த ஒன்று மார்ஸ்ட்ராண்டின் கொடியையே மாற்றிவிட்டது. கடுங்குளிரில் டென்மார்க்கின் நீரிணைகள் உறைந்திருந்தன. ஸ்வீடிஷ் அரசர் பத்தாம் கார்ல் குஸ்தாவ் தன் படையைப் பனிமீதே நடத்திக்கொண்டு தீவுகளைக் கடந்து கோபன்ஹேகனை நெருங்கினார். டென்மார்க் அரசு ரோஸ்கில்டெ உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. ஸ்கோனெ, பிளேக்கிங்கெ, ஹாலாந்து மாகாணங்களோடு பூஹுஸ்லேனும் ஸ்வீடன் வசமாயிற்று. நானூறு ஆண்டுகளாக நார்வேயின் நகரமாக இருந்த மார்ஸ்ட்ராண்ட், கையெழுத்துக் காய்வதற்குள் ஸ்வீடிஷ் நகரமானது. பனிக்கட்டியில் உறையாத, இரு வாய்களுள்ள துறைமுகம் கிடைத்தால் எந்த அரசரும் அதைச் சும்மா விட மாட்டார். தீவின் உச்சியில் ஒரு கோட்டை எழுப்பும்படி அதே ஆண்டு கார்ல் குஸ்தாவ் ஆணையிட்டார். அவர் பெயராலேயே அது கார்ல்ஸ்டேன் என்று வழங்கப்படுகிறது.

கோட்டை கட்டி முடிய ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. முதலில் மரமும் மண்ணும், பிறகு கல். நடுவே உருண்டையான பெருங்கோபுரம், அதைச் சுற்றிக் கொத்தளங்கள். கல்லை உடைத்துத் தூக்கியவர்கள் பெரும்பாலும் கைதிகள். ஸ்வீடனின் நீதிமன்றங்கள் கடுங்குற்றவாளிகளுக்கு விதித்த தண்டனைகளில் மார்ஸ்ட்ராண்டில் வேலை செய்ய அனுப்புவது அஞ்சத்தக்க ஒன்றாக இருந்தது. காலில் சங்கிலியோடு கல் சுமந்து அவர்கள் கட்டிய சுவருக்குள்ளேயே அவர்களும் அடைபட்டார்கள். இன்று கோட்டையின் அழகைப் பாராட்டுகிறவர்கள் இந்தக் கைகளை நினைக்காமல் இருப்பது நியாயமாகாது.

இத்தனை உழைப்பில் எழுந்த கோட்டை இரண்டு முறை எதிரியிடம் வீழ்ந்தது. 1677-இல் நார்வேயின் ஆளுநராக இருந்த கில்டென்லோவெ அதைப் பிடித்தார். 1679-இல் ஏற்பட்ட சமாதானத்தில் அது ஸ்வீடனுக்குத் திரும்பியது. இரண்டாவது வீழ்ச்சிதான் புகழ்பெற்றது. 1718-இன் கடைசியில் ஸ்வீடிஷ் அரசர் பன்னிரண்டாம் கார்ல் நார்வே எல்லையில் குண்டடிபட்டு இறந்தார். ஸ்வீடனின் பேரரசுக் காலம் முடிந்துகொண்டிருந்தது. 1719 ஜூலையில் டென்மார்க்–நார்வேயின் கடற்படைத் தலைவர் பீட்டர் டோர்டென்ஷோல்ட் மார்ஸ்ட்ராண்டை முற்றுகையிட்டார். அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. நகரம் பணிந்தது. துறைமுகத்தில் நின்ற ஸ்வீடிஷ் கப்பல்கள் எரிந்தும் மூழ்கியும் போயின. கோட்டை மட்டும் எஞ்சியது. அதன் தளபதி ஹென்ரிக் டாங்க்வார்ட் சண்டையிடாமலே அதை ஒப்படைத்தார்.

ஏன் ஒப்படைத்தார் என்பதற்கு வடநாடுகள் முழுவதும் அறிந்த ஒரு கதை உண்டு. எதிரியின் பலத்தை அறியக் கோட்டையிலிருந்து ஒருவர் நகருக்குள் வந்தாராம். டோர்டென்ஷோல்ட் அவரைத் தெருத்தெருவாக அழைத்துச் சென்று, ஒவ்வொரு தெருவிலும் அணிவகுத்து நின்ற வீரர்களைக் காட்டினாராம். ஒரு தெருவில் பார்த்த வீரர்களே சந்து வழியாக ஓடி அடுத்த தெருவில் வந்து நின்றார்கள் என்பது கதை. வந்தவர் எண்ணிய எண்ணிக்கை உண்மையைப் போலப் பல மடங்கு. டேனிஷிலும் நார்வேஜியனிலும் ஒரே ஆட்கள் வேறு வேறு வேடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் 'டோர்டென்ஷோல்டின் வீரர்கள்' என்று இன்றும் சொல்கிறார்கள். கதை எவ்வளவு உண்மை என்பது வேறு. டாங்க்வார்ட்டுக்கு நேர்ந்தது மட்டும் ஆவணத்தில் இருக்கிறது: கோட்டையைக் கைவிட்ட குற்றத்துக்காக ஸ்வீடிஷ் இராணுவ நீதிமன்றம் அவரை விசாரித்தது, அதே ஆண்டு கோதென்பர்க்கில் அவர் தலை வெட்டப்பட்டது. டோர்டென்ஷோல்டும் நெடுநாள் வாழவில்லை. மறு ஆண்டு ஓர் ஒற்றைக்கொற்றைச் சண்டையில் இறந்தார். 1720 சமாதான உடன்படிக்கையின்படி கார்ல்ஸ்டேன் மறுபடியும் ஸ்வீடனுடையதாயிற்று. அதற்குப் பின் எந்த எதிரியும் அதைக் கைப்பற்றவில்லை.

1747-இல் ஹெர்ரிங் திரும்பியது. இம்முறை அறுபது ஆண்டுகளுக்கு மேல் தங்கியது. பிடிபட்ட மீன் உப்பிட்டு முடியாத அளவுக்கு இருந்ததால், எஞ்சியதைப் பெரிய கொப்பரைகளில் போட்டுக் காய்ச்சி எண்ணெய் எடுத்தார்கள். பூஹுஸ்லேன் கரை முழுவதும் உப்பிடும் கொட்டகைகளும் எண்ணெய்க் காய்ச்சு சாலைகளும் நூற்றுக்கணக்கில் எழுந்தன. ஐரோப்பிய நகரங்களின் தெரு விளக்குகளில் எரிந்த எண்ணெயில் ஒரு பங்கு இந்தக் கரையிலிருந்து சென்றது. எண்ணெய் எடுத்த பிறகு கொப்பரையில் மிஞ்சும் சேறு போன்ற கழிவைக் கடலில் கொட்டினார்கள். அதன் நாற்றம் கரையெங்கும் வீசியது. அடிக்கடல் கெடுகிறது, மீன் விரட்டப்படுகிறது என்று ஒரு சாரார் முறையிட்டார்கள். அப்படி ஒன்றுமில்லை என்று எண்ணெய்ச் சாலை முதலாளிகள் வாதிட்டார்கள். அரசு விசாரித்தது; வாதங்களும் சோதனைகளும் அடங்கிய ஆவணம் 1784-இல் அச்சாகி வெளிவந்தது. தொழிற்சாலைக் கழிவைப் பற்றிய பொது விவாதம் ஐரோப்பாவில் இவ்வளவு முன்னதாக, இவ்வளவு விரிவாக அச்சேறியது அரிது. வடநாட்டுச் சூழலியல் வரலாற்றைப் படிக்கிறவர்கள் தொடங்க வேண்டிய இடங்களில் இது ஒன்று.

மீன் வளம் பெருகிய அதே காலத்தில் இன்னொரு சோதனையும் மார்ஸ்ட்ராண்டில் நடந்தது. இந்நகரின் வரலாற்றிலேயே மிகத் துணிச்சலான பக்கம் அதுதான். 1775-இல் அரசர் மூன்றாம் குஸ்தாவ் மார்ஸ்ட்ராண்டைச் சுங்கமில்லாத் துறைமுகமாக அறிவித்தார். எந்த நாட்டுக் கப்பலும் வந்து சரக்கிறக்கி, தீர்வை கட்டாமல் விற்கலாம், வேறு கப்பலில் ஏற்றி அனுப்பலாம். குடியேறுவோர் எந்த மதத்தைச் சேர்ந்தவராயினும் தம் வழிபாட்டைச் செய்துகொள்ளலாம். கடனில் மூழ்கியவர்களும் கடுங்குற்றம் அல்லாத குற்றங்களுக்காகத் தேடப்பட்டவர்களும்கூட இங்கு வந்து புகலிடம் பெறலாம். லுத்தரன் மதத்தைத் தவிர வேறெதையும் எளிதில் பொறுக்காத அன்றைய ஸ்வீடனில், ஒரு சின்னத் தீவில் மட்டும் இந்த வேலி அகற்றப்பட்டது.

யூதர்கள் வந்தார்கள். ஸ்வீடன் அரசு யூதர்களுக்கென 1782-இல் சட்டம் இயற்றியபோது ஸ்டாக்ஹோம், கோதென்பர்க், நார்ஷோப்பிங் என்று மூன்று நகரங்களிலேயே குடியிருக்க இடம் தந்தது. மார்ஸ்ட்ராண்டிலோ அதற்கும் முன்பே அவர்களுக்கு வாசல் திறந்திருந்தது. அமெரிக்க விடுதலைப் போர் நடந்த ஆண்டுகள் அவை. இங்கிலாந்தும் பிரான்சும் கடலில் மோதிக்கொண்டிருக்க, நடுநிலை நாட்டின் சுங்கமில்லாத் துறைக்கு வணிகம் பெருகியது. கடத்தலும் கூடவே பெருகியது. கோதென்பர்க் வணிகர்கள் தம் வரவு குறைகிறதென்று புகார் எழுப்பினார்கள். இதே யோசனையைக் குஸ்தாவ் வேறொரு கடலிலும் முயன்றார்: கரீபியனில் ஸ்வீடன் பெற்ற சேன் பார்தெலெமி தீவின் குஸ்தாவியா நகரை 1785-இல் சுங்கமில்லாத் துறைமுகமாக்கினார். 1792-இல் குஸ்தாவ் கொலையுண்டார். பின்வந்த ஆட்சிக்கு இந்தச் சலுகைகள் பிடிக்கவில்லை. 1794-இல் மார்ஸ்ட்ராண்டின் சிறப்புரிமை நீக்கப்பட்டது. யூதக் குடும்பங்களில் பெரும்பாலானோர் கோதென்பர்க்குக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்நகரின் யூத சமூகத்தின் வேர்களில் ஒன்று இந்தத் தீவில்தான் இருக்கிறது. மூலதனம் வர வேண்டுமானால் மனசாட்சிக்கும் இடம் தர வேண்டும் என்று ஒரு மன்னர் உணர்ந்திருந்தார். அதை நாடு முழுவதற்கும் தர அவருக்குத் துணிவு வரவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இதே காலத்தைச் சேர்ந்த ஒரு தொழில்நுட்பச் சாதனை அதிகம் பேசப்படுவதில்லை. 1781-இல் கார்ல்ஸ்டேன் கோட்டையின் கோபுரத்தில் யோனாஸ் நோர்பெர்க் என்பவர் ஒரு கலங்கரை விளக்கம் அமைத்தார். எண்ணெய் விளக்குகளுக்குப் பின்னால் குழிவான உலோக ஆடிகளை வைத்து, அந்த அமைப்பு முழுவதையும் கடிகாரப் பொறியால் சுழலச் செய்தார். கடலில் இருப்பவருக்கு வெளிச்சம் வந்து, மறைந்து, மீண்டும் வரும். நிலையாக எரியும் விளக்கைக் கரையிலுள்ள வேறு வெளிச்சங்களோடு குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. சுழலும் விளக்கை அதன் இடைவெளியை வைத்தே அடையாளம் காணலாம். உலகில் சுழலும் விளக்கம் முதன்முதலாக ஒளிர்ந்தது இங்கேதான்.

1809-இல் ஹெர்ரிங் மறுபடியும் நின்றது. சுங்கச் சலுகையும் போய், மீனும் போய், நெப்போலியன் போர்களால் கடல் வணிகமும் தடைபட்ட நிலையில் ஊர் வறுமையில் விழுந்தது. எஞ்சியது கோட்டையும் கைதிகளும். அந்தக் கைதிகளில் இருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மெத்தா ஃபோக் ஒரு பிரபுக் குடும்பத்துப் பெண். கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் 1802-இல் நஞ்சிட்டுக் கொன்றதாக அவர்மீது குற்றச்சாட்டு. வாக்குமூலம் இல்லாத வழக்கில் மரண தண்டனை நிறைவேற்ற அன்றைய சட்டத்தில் தயக்கம் இருந்தது. ஆகவே, ஒப்புக்கொள்ளும் வரை கோட்டையில் அடைத்து வைக்க உத்தரவாயிற்று. கார்ல்ஸ்டேனில் அவருக்குப் பேனாவும் தாளும் மறுக்கப்பட்டன. சிறு சிறு லினன் துணித் துண்டுகளை ஒன்றோடொன்று தைத்து இணைத்து, அதன் மேல் நூலால் எழுத்து எழுத்தாகத் தன் முறையீட்டை அவர் தைத்தார். வரி வரியாக நீளும் அந்தத் துணிக் கடிதம் இன்று ஸ்டாக்ஹோமின் நோர்டிஸ்கா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊசியின் ஒவ்வொரு குத்தும் ஒரு வார்த்தைக்கான உழைப்பு. ஆண்டுக்கணக்கான சிறைவாசத்துக்குப் பின் 1809-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1810-இல் தலை வெட்டப்பட்டது. அந்த ஒப்புதல் உண்மையா, சிறையின் களைப்பா என்ற ஐயம் அதைப் படிக்கும் எவருக்கும் எழும்.

மற்றவர் லாஸ்ஸெ-மாயா என்று நாடறிந்த லார்ஸ் மோலின். 1785-இல் பிறந்தவர். பெண் உடையில் வேலைக்காரியாக வீடுகளில் நுழைந்து திருடி, பிடிபடாமல் தப்பியதால் மக்கள் கதையில் நாயகனானவர். யார்ஃபெல்லா தேவாலயத்தின் வெள்ளிப் பொருட்களைத் திருடியதற்காக ஆயுள் தண்டனை பெற்று 1813-இல் கார்ல்ஸ்டேனுக்கு வந்தார். சமையலில் கை தேர்ந்தவர் என்பதால் கோட்டை அடுக்களைக்கு மாறினார். சிறையிலிருந்தபடியே சொன்ன தன் வரலாறு 1830-களில் நூலாக வந்து பரபரப்பாக விற்றது. ஸ்வீடிஷ் வாசகர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகப் படித்தார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் மன்னிப்புப் பெற்று விடுதலையானார். 1845-இல் அர்போகா நகரில் இறந்தார். கோட்டைக்கு வரும் குழந்தைகள் இன்றும் முதலில் கேட்பது அவருடைய அறையைத்தான்.

19-ஆம் நூற்றாண்டில் கடல்நீரே மருந்தானது. மருத்துவர்கள் குளிர்ந்த கடற்குளியலையும் சேற்றுப் பூச்சையும் சிபாரிசு செய்யத் தொடங்கினார்கள். 1820-களிலிருந்து மார்ஸ்ட்ராண்டில் குளியல் இல்லங்கள் தோன்றின. கோதென்பர்க்கிலிருந்து நீராவிக் கப்பல்கள் விருந்தினரை ஏற்றி வந்தன. நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் அரசர் இரண்டாம் ஆஸ்கர் ஆண்டுதோறும் கோடையில் இங்கே வந்து தங்கலானார். அரசர் வருமிடத்துக்குச் செல்வர்களும் வந்தார்கள். விருந்து மண்டபமும் பெரிய ஹோட்டலும் எழுந்தன. மர வீடுகளுக்கு அலங்கார வேலைப்பாடுள்ள தாழ்வாரங்கள் சேர்ந்தன. மொட்டைப் பாறைத் தீவில் மண் கொண்டுவந்து கொட்டி மரம் நட்டுப் பூங்கா அமைத்தார்கள். உள்ளூர்க் குடும்பங்கள் கோடையில் தம் வீட்டை விருந்தினருக்கு விட்டுவிட்டு, கொல்லைப்புறக் கொட்டகையிலோ நிலவறையிலோ ஒண்டிக்கொள்வார்கள். அந்த வாடகைதான் குளிர்காலத்துச் சோறு. 1877-இல் ஹெர்ரிங் மறுபடி வந்தது. 1906 வரை மீனும் விருந்தினரும் ஒருசேர ஊரைத் தாங்கினார்கள். இராணுவத் தேவைக்குப் பழமையாகிப்போன கோட்டை 1882-இல் நிலையான பாதுகாப்பு அரண்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

வெளிக்கடலில் ஹாம்னெஷேர் என்னும் பாறைத்தீவு பாத்தர் நோஸ்தர் திட்டுகளைச் சேர்ந்தது. இங்கே கப்பல்கள் நொறுங்கியதற்கு அளவில்லை. கடக்கும்போது மாலுமிகள் பரமண்டல ஜெபத்தைச் சொன்னதால் லத்தீனில் அதன் முதற்சொற்களே பெயராயின என்கிறார்கள். 1868-இல் இங்கே ஓர் இரும்புக் கலங்கரை விளக்கம் எழுந்தது. கனத்த கல் கோபுரத்துக்குப் பதிலாக, நடுவில் மெல்லிய குழாயும் சுற்றிலும் சாய்ந்த இரும்புக் கால்களும் கொண்ட வடிவம். அலையும் காற்றும் கால்களுக்கு இடையே புகுந்து போய்விடும். வடிவமைத்தவர் குஸ்தாஃப் வான் ஹெய்டன்ஸ்டாம். விளக்குக் காப்பாளர்களின் குடும்பங்கள் மரமில்லாத அந்தத் திட்டிலேயே வாழ்ந்து, கிடைத்த பிடி மண்ணில் தோட்டம் போட்டன. 1977-இல் அருகே அமைந்த தானியங்கி விளக்கு அதன் பணியை ஏற்றது. கைவிடப்பட்ட இரும்பு துருப்பிடித்தது. 2002-இல் விளக்கத்தை அப்படியே பெயர்த்துக் கரைக்குக் கொண்டுவந்து, பழுது பார்த்து, 2007-இல் பழைய இடத்திலேயே மீண்டும் நட்டார்கள். கரையோர மக்கள் தளராமல் போராடியிராவிட்டால் அது பழைய இரும்பாகப் போயிருக்கும்.

1971-இன் உள்ளாட்சிச் சீர்திருத்தத்தில் நாட்டின் மிகச் சிறிய நகராட்சிகளில் ஒன்றாக இருந்த மார்ஸ்ட்ராண்ட் தன் நகர உரிமையை இழந்து குங்கெல்வ் நகராட்சியோடு இணைந்தது. பாய்மரப் படகுப் போட்டிகள் இப்போது ஊரின் அடையாளம். 1994 முதல் கோடையில் நடந்துவரும் சர்வதேசப் போட்டியில் ஒரே மாதிரியான இரண்டு படகுகள் நேருக்கு நேர் மோதும். மற்ற இடங்களில் இத்தகைய போட்டி கரைக்கு வெகு தொலைவில் நடக்கும். இங்கே பாறைமீது அமர்ந்திருப்பவருக்கு மாலுமிகளின் கூச்சலே காதில் விழும். செப்டம்பர் 20-க்குப் பின் வரும் முதல் திங்களன்று சிங்கி இறால் பிடிக்கும் பருவம் தொடங்கும்போது, விருந்தினர் போன பிறகும் துறை ஒரு நாள் பரபரப்பாகிறது.

ஊரின் இன்றைய கவலை வீட்டு விலை. நாட்டிலேயே விலை மிகுந்த கடலோர மனைகளில் மார்ஸ்ட்ராண்டின் மர வீடுகளும் அடங்கும். வாங்குகிறவர்களில் பலர் கோடையில் சில வாரங்கள் மட்டும் தங்குகிறார்கள். ஜூலையில் துறைமுகத்தில் படகோடு படகு உரசி நிற்கும். ஜனவரியில் தெருவுக்கு ஓரிரு சன்னல்களிலேதான் விளக்கு. கடையும் பள்ளியும் படகுச் சேவையும் ஆண்டு முழுவதும் நடக்க வேண்டுமானால் ஆண்டு முழுவதும் மக்கள் வேண்டும். அதனால் நிரந்தரக் குடியிருப்புக்கான வீடுகளை எங்கே, எந்த விலைக்குக் கட்டுவது என்பது இங்கு நீண்டகாலமாக நடந்துவரும் வாதம். புதிய வீடுகள் பெரும்பாலும் கூ தீவில்தான் எழுகின்றன. பழைய தீவில் இடமும் இல்லை. கட்டட மரபுச் சட்டம் விடுவதும் இல்லை. கார்ல்ஸ்டேன் கோட்டை அரசின் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாகப் பராமரிக்கப்படுகிறது. அதன் கோபுர உச்சிக்கு ஏறினால் கிழக்கே துறைமுகத்தின் இரு வாய்களையும், மேற்கே பாத்தர் நோஸ்தர் விளக்கத்தையும் ஒருசேரக் காணலாம்.